தலைமடையின் கடனும் கடைமடையின் கடனும்

மனிதன் நிலத்தின்மேல் கோடுகள் போட்டுக்கொண்டான். இது என் வீடு, அது உன் தோட்டம். இஃது எம் மாநிலம், அஃது உம் நாடு என்று அவன் வகுத்துக்கொண்ட எல்லைகள் எண்ணிலடங்கா. இக்கோடுகளின்றி உலகியல் நடவாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் மழைநீர் இக்கோடுகளை அறியாது. மலை முகட்டில் விழுந்த துளி தாழ்ந்த இடத்தை நாடி ஓடுகின்றது. வழியிலுள்ள எல்லைகளுக்கு அது சுங்கம் செலுத்துவதுமில்லை, எவரிடமும் அனுமதி கேட்பதுமில்லை. ஆற்றின் தலைப்பகுதியில் ஒருவன் தன் நிலத்திற் செய்யும் செயல், அவன் முகத்தை ஒருநாளும் கண்டிராத மற்றொருவனுடைய குவளையில், பல கல் தொலைவுக்கு அப்பால், கலங்கல் நீராகச் சென்று சேர்கின்றது. இங்கேதான் ஓர் அறவினா பிறக்கின்றது. காடு நிற்கும் நிலம் எவனுடையதோ, அக்காட்டை அழிக்கும் உரிமையும் அவனுடையதேயோ? அக்காட்டின் வழியாக வரும் நீரை உண்பவன் அதற்காக எவர்க்கேனும் கடன்பட்டவனோ? இவ்வினாக்களை இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. ஏரிகளையும் வாய்க்கால்களையும் நம்பி நெல் விளைவித்த நம் முன்னோர், நீர் முதலிற் புகும் வயலைத் தலைமடை என்றும், நீர் சென்று முடியும் வயலைக் கடைமடை என்றும் வழங்கினர். வாய்க்கால் தன் நிலத்தின் ஓரமாக முதலில் ஓடுகின்றது என்னும் காரணத்தால் தலைமடைக்காரன் நீரையெல்லாம் தானே தேக்கிக்கொள்ள ஊரார் இடந்தரவில்லை. நீர்க்கட்டி என்னும் ஊர்ப்பணியாளன் முறைவைத்து மடை திறந்துவிட்டான். அவ்வாறே கடைமடைக்காரனும், நீர் தானே வந்து சேரட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருத்தல் இயலாது. ஏரியின் கரையை உயர்த்தவும் வாய்க்காலைத் தூர்வாரவும் நடக்கும் குடிமராமத்து வேலைக்கு அவன் வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும். மேலுள்ளவன் நீரைக் கெடாமற் கீழே விடக் கடமைப்பட்டவன்; கீழுள்ளவன் அந்நீர் வரும் வழியைக் காக்கும் உழைப்பிற் பங்குகொள்ளக் கடமைப்பட்டவன். இவ்வேற்பாடு எங்கும் எப்பொழுதும் நேர்மையாக நடந்தது என்று நாம் கூறவரவில்லை. மடைத் தகராறில் மண்டை உடைந்த ஊர்கள் பல. ஆயினும் கடன் இருபுறத்தும் உண்டு என்னும் கொள்கை அதில் தெளிவாக இருந்தது. அக்கொள்கையைக் கையிற்கொண்டு மலையகத்துக் காடொன்றை நோக்குவோம்.

மலாய் மொழியில் ஆற்றின் தலைப்பகுதியை உலு என்றும், அது சென்று பாயும் கீழ்ப்பகுதியை ஹிலிர் என்றும் சொல்வர். நம் தலைமடையும் கடைமடையும் போன்ற இணைச் சொற்கள் இவை. நம் இலக்கியங்கள் கடாரம் என்று போற்றிய கெடா மாநிலத்தின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டி, உலு மூடா என்னும் பெருங்காடு பரந்து கிடக்கின்றது. மூடா ஆற்றின் தலைமடை அதுவே. சூழவுள்ள ஒதுக்குக் காடுகளையுஞ் சேர்த்து நோக்கின் அதன் பரப்பு ஏறத்தாழ 160,000 ஹெக்டேர். யானை முதலிய விலங்குகள் உப்புச்சுவை தேடி வந்து கூடும் ஊற்றிடங்கள் அங்கே பலவுண்டு. மலேசியாவில் வாழும் 10 வகை இருவாட்சிப் பறவைகளும் அவ்வொரு காட்டிலேயே காணப்பட்டுள்ளன.

அக்காட்டிற் பெய்யும் மழை எங்கே செல்கின்றது? மூடா, பெடு, ஆனிங் என்னும் மூன்று அணைகளில் அது தேங்குகின்றது. மூடா அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெடு அணையைச் சேர்ந்து, அங்கிருந்து கெடா, பெர்லிஸ் சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்கின்றது. 1970ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற மூடா நீர்ப்பாசனத் திட்டத்தினால், மழையை நோக்கி ஒருபோகம் விளைத்த உழவர் இருபோகம் விளைக்கத் தொடங்கினர். மலேசியாவின் தலையாய நெற்களஞ்சியம் அச்சமவெளியே. மூடா ஆற்றின் எஞ்சிய நீர் வேறு கிளையாறுகளையும் கூட்டிக்கொண்டு தென்மேற்கே ஓடி, கடலை அணுகுமிடத்தில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாகின்றது. பினாங்கு மாநிலம் தன் கரையிலிருந்து அந்நீரை எடுத்துத் தூய்மை செய்து தன் மக்களுக்கு வழங்குகின்றது. அம்மாநிலத்திற்கு வேண்டும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவ்வொரே ஆற்றிலிருந்து கிடைப்பதாகும். ஜார்ஜ் டவுனில் காலையிற் குழாயைத் திறக்கும் ஒருவர் உலு மூடாவின் பெயரைக் கேள்வியுற்றவராக இருக்கவேண்டுவதில்லை. எனினும் அவர் வீட்டு அடுப்பில் கொதிக்கும் நீரில் அவ்வாற்றின் பங்குண்டு.

மலேசிய அரசியற் சட்டத்தின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தைச் சேர்ந்தவை. ஆகவே உலு மூடாவின் காவலும் பயனும் கெடாவின் பொறுப்பு. மரம் வெட்ட அனுமதி தந்தால் அதனால் வரும் பணம் கெடாவின் கருவூலத்தைச் சேரும். வெட்டாமல் விட்டுவைத்தாலோ, அதன் நன்மையிற் பெரும்பகுதி வயல்வெளிக்கும் அயல் மாநிலத்தின் குழாய்களுக்கும் போய்ச் சேரும். கருவூலத்திற்கு அதனால் நேரடியான வரவில்லை. காடு காப்பவனுக்குச் செலவும், காப்பதனால் நன்மை பெறுபவனுக்கு வரவுமாக இவ்வமைப்பு நிற்கின்றது. ஆகலின், நீருக்காகப் பினாங்கு பணம் தரவேண்டும் என்று கெடா பலமுறை கேட்டது. தரவேண்டுவதில்லை என்று பினாங்கு மறுத்தது. இவ்வழக்கில் எப்பக்கம் அறம் நிற்கின்றது என்பதை முடிவுசெய்யுமுன், காடு ஆற்றிற்குச் செய்யும் பணி யாது என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

காடு மழையை உண்டாக்குகின்றது, காடு வெட்டினால் ஆறு உடனே வற்றிவிடும் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் மிகைக் கூற்று மிகைக் கூற்றே. மரங்கள் தாமும் நீரை உண்பன. வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்குவன. பகாங் மாநிலத்துச் சுங்கை தெக்காமில் காட்டை அழித்துத் தோட்டமாக்கி நெடுங்காலம் அளந்து பார்த்தபோது, காடு போனபின் ஓடையில் ஓடிய நீரின் மொத்த அளவு கூடியதே அன்றிக் குறையவில்லை. இதைக் கேட்டு மரவணிகர் மகிழ வேண்டா. கூடிய நீர் எக்காலத்தில், எந்நிலையில் வந்தது என்பதே வினா. காட்டில் மழையின் வேகத்தை முதலில் இலைக்கூரை தாங்குகின்றது. பிறகு தரையிற் கிடக்கும் சருகு தாங்குகின்றது. வேரும் புழுவும் துளைத்து நெகிழ்த்திய மண் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி, நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றது. கூரை போய், சருகு போய், பொறிவண்டிகள் ஏறி மண்ணும் இறுகிவிட்டால், பெய்த மழை பெய்தவுடனே சேற்றை வாரிக்கொண்டு ஓடிவிடுகின்றது. அன்று வெள்ளம், அடுத்த திங்களில் வறட்சி. காட்டின் பணி நீரைப் பெருக்குதலன்று. நீரைத் தூய்மையாகவும் காலமறிந்தும் தருதலே. வீட்டுச் செலவைத் திட்டமிட்டு நடத்தும் தாயைப் போன்றது காடு. வருமானம் அவள் ஈட்டியதன்று, ஆயினும் அவளின்றேல் மாதக் கடைசியிற் குடும்பம் பட்டினி கிடக்கும்.

அணை கட்டிவிட்டோமே, இனிக் காடு எதற்கு என்று கேட்பாருக்குக் கேமரன் மலை விடையிறுக்கும். அங்கே 1963ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் பின்னுள்ள ரிங்லெட் ஏரி, மேலுள்ள சரிவுகளைத் திருத்திக் காய்கறித் தோட்டங்களாக்கியதனால் அடித்துவரப்பட்ட வண்டலால் தூர்ந்துகொண்டே வந்தது. நீர்கொள்ளும் இடத்தை மண் கொண்டது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பெருமழையில் அணை நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது, கீழிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மேலே மண்வெட்டி பிடித்தவனும் கீழே உறங்கிக் கிடந்தவனும் ஒருவரையொருவர் அறியார். அவர்களை இணைத்தது ஓர் ஆறு. அவ்விணைப்பை எவரும் எண்ணிப் பாராமையே கேட்டிற்குத் துணையாயிற்று.

எண்ணிப் பார்ப்பதற்குரிய கருவி இன்று நம்மிடம் உண்டு. அதுவே வரைபடம். முற்காலத்தில் அரசினர் வரைந்த படத்தில் ஒதுக்குக் காடு என்பது பச்சை வண்ணம் தீட்டிய ஓர் இடம் மட்டுமே. உள்ளே நடப்பதை அறியவேண்டின் நாட்கணக்காக நடந்து செல்லவேண்டும். 1972ஆம் ஆண்டு லேண்ட்சாட் வரிசையின் முதற் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது முதல் அந்நிலை மாறியது. 2008ஆம் ஆண்டில் அப்படங்களெல்லாம் எவரும் விலையின்றிப் பெறும்படி திறந்துவிடப்பட்டன. 2013ஆம் ஆண்டில் உலக முழுவதன் மரப்போர்வையும் 30 மீட்டர் பக்கமுள்ள சிறு சதுரங்களாகப் பகுத்து வெளியிடப்பட்டது. நலமுள்ள இலை சிவப்பொளியை உண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும் இயல்புடையது. இலை வாடினால் அவ்விகிதம் மாறும். மருத்துவன் நாடி பிடித்தாற்போல, இவ்விரண்டொளியின் விகிதத்தைக்கொண்டு காட்டின் நலத்தை விண்ணிலிருந்தே அளக்கின்றனர். மேகம் மறைக்கும் வெப்பமண்டலக் காடுகளை மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகளாற் காண்கின்றனர். மலைச்சரிவின் செங்குத்து, ஓடைகளின் போக்கு, புதிதாக வெட்டிய மரவண்டிப் பாதை ஆகிய யாவும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன.

ஆயினும், படத்திற் பச்சை என்பதனால் காடு நலமாயுளது என்று முடிவுகட்டுதல் பேதைமை. அப்பச்சையில் மூன்று வகையான மயக்கங்கள் உள. முதலாவது, மரம் யாவும் காடு என்னும் மயக்கம். செயற்கைக்கோள் எண்ணுவது மரப்போர்வையை. வளர்ந்த ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் அதன் கணக்கில் மரங்களே. நம் தோட்டத் தொழிலாளர் ரப்பர்த் தோட்டத்தைப் பால்மரக்காடு என்றே வழங்கினர். சொல்லளவில் அது குற்றமன்று. சட்டத்தில் அம்மயக்கம் புகுந்தாலோ பெருங்கேடு. ஒதுக்குக் காட்டினுள்ளேயே இயற்கைக் காட்டை வெட்டி வீழ்த்தி ஒரே இன மரத்தை வரிசையாக நடுவதற்குச் சட்டம் இடந்தருகின்றது. படத்தில் வண்ணம் மாறாது. ஓடையின் வண்ணம் மாறிவிடும்.

இரண்டாவது, மேற்போர்வையைக் கண்டு உள்ளே நலம் என்று கருதும் மயக்கம். தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டிய காட்டில் சில ஆண்டுகளில் இலைக்கூரை மூடிக்கொள்ளும். அதன்கீழே அரித்துக்கொண்டிருக்கும் பழைய வண்டிப்பாதைகளை மேலிருந்து காண்பதரிது. கண்ணி வைத்து விலங்குகளை ஒழித்துவிட்ட காடும் விண்ணிலிருந்து பார்க்கப் பசுமையாகவே இருக்கும். மூன்றாவது, பெயரைக் கண்டு மயங்குதல். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு வனச்சட்டம் ஒதுக்குக் காடுகளை நிரந்தரக் காடுகள் என்று பெயரிட்டு, நீர்ப்பிடிப்புக் காடு, வெள்ளத் தடுப்புக் காடு, மண் காப்புக் காடு, மர உற்பத்திக் காடு எனப் பல வகைகளாகப் பிரிக்கின்றது. அதே சட்டம், அந்நிலத்திற்கு அதனினும் பொருள்வருவாய் மிக்க பயன் உண்டு என்று மாநில அரசு கருதினால் அதை ஒதுக்கினின்று நீக்கிக்கொள்ளவும் வழிவிடுகின்றது. நீக்கக்கூடிய ஒன்றை நிரந்தரம் என்பது மொழிக்குச் செய்யும் தீங்கு. மொழி கெட்டால் எண்ணம் கெடும்.

2022ஆம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்தி, காட்டை நீக்குமுன் பொதுவிசாரணை நடத்தவேண்டும் என்றும், நீக்கிய பரப்புக்குக் குறையாத வேறு நிலத்தை ஈடாகச் சேர்க்கவேண்டும் என்றும் விதித்தனர். மாநிலங்கள் தனித்தனியே ஏற்றாலன்றி அது செல்லுபடியாகாது. இது நல்ல திருத்தமே. எனினும் பரப்புக்குப் பரப்பு ஈடு என்னும் கணக்கில் ஒரு பிழை மறைந்திருக்கின்றது. மூடா ஆற்றின் தலையில் 100 ஹெக்டேர் காட்டை நீக்கிவிட்டு, வேறோர் ஆற்றின் கரையில் 200 ஹெக்டேர் சேர்த்தாலும் மூடாவின் நீரை அது காக்கமாட்டாது. ஒருவன் கண்ணைப் பறித்துக்கொண்டு, இரட்டை எடையுள்ள சதையைத் தோளில் வைத்துத் தைப்பதற்கொப்பாகும் அச்செயல். ஆகவேதான் காட்டைப் பரப்பால் மட்டும் எண்ணாமல், எச்சரிவில் எவ்வாற்றின்மேல் நிற்கின்றது என்று இடங்குறித்துக் காட்டும் வரைபடம் அறத்திற்கு இன்றியமையாததாகின்றது.

இனி வழக்கிற்கு வருவோம். கெடாவின் சார்பிற் சொல்லக்கூடியது வலிய வாதமே. "அயலார் தம் காடுகளை முன்பே அழித்துத் தொழிற்சாலைகளும் நகரங்களும் கட்டிச் செல்வம் பெற்றனர். எம் மக்கள் எளியர். எல்லோரும் குடிப்பதற்காக நாங்கள் மட்டும் எம் பொருளைத் தொடாமல் வைத்திருக்கவேண்டுமோ?" என்பது அது. பினாங்கின் மறுமொழியும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. "மழை எவருடைய விளைபொருளும் அன்று. ஆறு எம் கரையிலும் ஓடுகின்றது. இயற்கை ஓடவிட்ட நீருக்கு இடையில் நிற்பவர் விலை கேட்கலாமோ?" என்பது அது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டு பாதியும் சேர்ந்தால் முழு உண்மை விளங்கும்.

நீர் விற்பனைப் பண்டமன்று என்பதில் பினாங்கின் கூற்றை நாம் ஏற்கின்றோம். நீருக்கு விலை என்று ஒப்புக்கொண்டால், விற்பவன் விற்க மறுக்கலாம். நீரைவிட மரம் நல்ல விலைக்குப் போகுங்கால் மரத்தை விற்றுவிடலாம். தாகத்தைச் சந்தையில் நிறுத்துவது அறமாகாது. ஆயின், காவலுக்குக் கூலி உண்டு என்பதில் கெடாவின் கூற்றை நாம் ஏற்கின்றோம். மழை கெடாவின் படைப்பன்றாயினும், கோடரியை எடுக்காமல் அடக்கி நிற்கும் பொறுமை கெடாவின் செயலே. வனக்காவலர் சம்பளமும், கைவிட்ட வருவாயும் அதன் செலவே. இச்செலவைக் கடைமடையார் பகிர்ந்துகொள்ளல் தருமமன்று, கொடையன்று. குடிமராமத்துக்கு ஆள் அனுப்புவது போன்ற கடமை.

இங்கு மற்றொரு வேறுபாட்டை நாம் வற்புறுத்த விரும்புகின்றோம். தலைமடையான் கைவிடும் செயல்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஏரிக்கரையை வெட்டாமலிருப்பதற்கு எவனும் கூலி கேட்கமுடியாது. கரையை வெட்டுவது குற்றம், குற்றஞ் செய்யாமைக்குக் கூலியில்லை. செங்குத்தான சரிவிலும், ஓடைகளின் ஓரத்திலும், ஊற்றுக்கண்களிலும் மரத்தை வீழ்த்துவது ஏரிக்கரையை வெட்டுவதற்கு ஒப்பாகும். அதனைச் செய்யாமலிருத்தல், பணம் வந்தாலும் வராவிட்டாலும், தலைமடையானின் கடன். "பணம் தாராவிடில் வெட்டுவோம்" என்னும் பேச்சு அவ்விடத்தில் உரிமைக் கோரிக்கையன்று; பிணை பிடித்தல். அதற்கப்பால், தாழ்சரிவுகளில், அளவோடு பயன்கொண்டால் ஆற்றைக் கெடுக்காத இடத்திலும், முழுநலம் கருதிக் கைவைக்காமல் விட்டுவிடச் சொன்னால், அத்தியாகத்தின் செலவைக் கடைமடையார் பகிர்ந்தே தீரவேண்டும். தீங்கு செய்யாமை ஒரு கடன். தன் பயனைப் பிறர்க்காக விட்டுக்கொடுத்தல் வேறொரு கடன். முன்னது தனியே ஒருவன் தாங்கவேண்டியது. பின்னது அனைவரும் கூடித் தாங்கவேண்டியது. இவ்விரண்டிற்கும் இடையே கோடு எங்கே விழுகின்றது என்பதைச் சரிவையும் ஓடையையும் மண்ணையும் காட்டும் படம் நமக்குச் சொல்லும். கொடுக்கும் பணத்திற்குச் சான்றும் அப்படமே. காடு நின்றால் பணம் தொடரும்; காடு குன்றினால் பணம் நிற்கும்; இடையிற் பொய்க்கு இடமில்லை.

கெடாவின் காட்டைப் பினாங்குக்காக மட்டும் காக்கச் சொல்கின்றோம் என்று எவரும் கருதற்க. அக்காட்டின் கடைமடையாரிற் பெரும்பாலோர் கெடாவின் சொந்த உழவர்களே. 2016ஆம் ஆண்டு எல் நீனோ வறட்சியில் மூடா அணையின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்தபோது முதலிற் கவலையுற்றவர் வயலை நோக்கி நின்றவர்களே. ஆகவே ஒரே ஆட்சியின்கீழ் வாழும் மக்களுக்குள்ளேயே தலைமடையும் கடைமடையும் உண்டு. மர உரிமம் பெற்றவன் வேறு, அதனால் வரும் சேற்றைப் பெறுபவன் வேறு. வழக்கு இரண்டு மாநிலங்களுக்கிடையே நடப்பதாகத் தோன்றினும், உண்மையில் அது உடனே வரும் பணத்திற்கும் ஆண்டுதோறும் வரும் நெல்லுக்கும் இடையே நடக்கின்றது.

இத்தகைய பகிர்வு நடவாத கனவு என்று கைவிரிப்பாருமுளர். நடந்த சான்றுகள் உண்டு. ஜொகூர் ஆற்றில் லிங்கியு நீர்த்தேக்கம் அமைக்க 1990ஆம் ஆண்டிற் செய்த உடன்படிக்கையில், அந்நிலத்தையும் அதன் வருவாயையும் இழப்பதற்கு ஈடாகச் சிங்கப்பூர் ஜொகூருக்கு 320 மில்லியன் ரிங்கிட் தர இசைந்தது. 1995ஆம் ஆண்டு அத்தேக்கம் முடிந்தது. நியூயார்க் நகரம் தனக்கு நீர் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியாருடன் 1997ஆம் ஆண்டில் உடன்பட்டு, பலநூறு கோடி டாலர் செலவாகும் வடிப்பாலை ஒன்றைக் கட்டுவதற்கு மாறாக, மலைநிலத்தைக் காக்கவும், அங்குள்ள பண்ணைகளையும் கழிவுநீர் அமைப்புகளையும் சீர்செய்யவும் பணம் செலவிட்டது. அதே நகரம் முற்காலத்தில் அம்மலைச் சிற்றூர்களை அப்புறப்படுத்தி நீர்த்தேக்கம் கட்டியதும் உண்மை. நெடுநாள் மனக்கசப்பின் பின்னரே நியாயமான உடன்பாடு பிறந்தது. மலேசியக் கூட்டரசும் 2019ஆம் ஆண்டு முதல் இயற்கையைக் காக்கும் மாநிலங்களுக்கு நிதி ஒதுக்கி வருகின்றது. முதலில் ஒதுக்கிய தொகை 60 மில்லியன் ரிங்கிட். தொகை போதுமோ என்பது வேறு வினா. கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சிங்கப்பூரில் வாழ்வோர்க்கு இவ்வழக்கு அயலாருடையது அன்று. 1883ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றிக் கான்ட்லி என்பார் அறிக்கை எழுதியபோது, காம்பியருக்கும் மிளகுக்குமாகத் தீவின் காட்டிற் பெரும்பகுதி முன்பே அழிந்துபோயிருந்தது. இன்று தீவின் நடுவே எஞ்சியுள்ள காடு, நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்திருந்தமையாற் பிழைத்த காடு. நீர் காட்டைக் காத்தது. காடு நீரைக் காத்தது. ஆயின் அத்தேக்கங்கள் பெருகிய மக்களுக்குப் போதா. ஆகவே 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நீர் வருகின்றது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் லிங்கியு தேக்கத்தின் நீர் கொள்ளளவில் 20 விழுக்காடாகக் குறைந்தது. பணம் கொடுத்து முடித்துவிட்டோம் என்று கடைமடையான் ஒருநாளும் சொல்லமுடியாது. தலைமடையின் காடு நலமாயுள்ளதா என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டியவன் அவன்.

நம் தமிழர்க்கும் இதிற் சிறப்பான ஒரு பங்குண்டு. மலையகத்தின் கரைச் சமவெளிகளிற் காடிருந்த இடத்தில் ரப்பர் எழுந்தபோது, அத்தோட்டங்களில் உழைத்த கைகளிற் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். கட்டளை பிறருடையது, ஆதாயமும் பிறருடையது. காய்ச்சலும் கல்லறையும் நம் பாட்டன்மாருடையவை. அவர்கள்மேற் பழி சுமத்துவது நேர்மையன்று. ஆயின் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அடிமைத்தளையில் இல்லை. எழுத்தறிவுடையோம், வாக்குரிமை உடையோம், குழாய்நீர் உண்கின்றோம். கட்டளைக்குப் பணிந்தோம் என்னும் விடை பாட்டனுக்குப் பொருந்தும், பேரனுக்குப் பொருந்தாது.

அறியாமை ஒருகாலத்தில் மன்னிக்கத்தக்க காரணமாக இருந்தது. உலுவில் நடப்பதை ஹிலிரில் இருப்பவன் அறிய வழியில்லாதிருந்தது. இன்று எப்பள்ளி மாணவனும் தன் ஊர் ஆற்றின் தலைக்காட்டைக் கண்ணாற் கண்டு, சென்ற ஆண்டிற்கும் இவ்வாண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிச் சொல்லமுடியும். அறிவு வளர்ந்த அளவுக்குக் கடனும் வளர்கின்றது. ஆயின் படம் தானே எழுந்துசென்று எக்கோடரியையும் தடுக்காது. நோயைக் கண்டறியும் கருவி மருந்தாகாது. கண்டறிந்தும் வாளா இருப்பவன், அறியாதிருந்தவனினும் பழிக்குரியவன்.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாதெனின், நம் குழாய்நீர் எந்த ஆற்றினின்று வருகின்றது, அவ்வாறு எக்காட்டிற் பிறக்கின்றது என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். அக்காட்டின் ஒரு பகுதியை ஒதுக்கினின்று நீக்க அறிவிப்பு வருமாயின், அதனைப் படித்து, விசாரணையில் நம் கருத்தைச் சொல்லுதல் வேண்டும். ஈடாகக் காட்டும் நிலம் அதே ஆற்றின்மேல் உள்ளதா என்று வினவுதல் வேண்டும். காடு காப்பதற்கென நீர்க்கட்டணத்திற் சில காசு கூடினால், முணுமுணுக்காமற் செலுத்துதல் வேண்டும். செலுத்திய பின் அப்பணம் காட்டிற்குச் சென்றதா என்று கணக்கும் கேட்டல் வேண்டும். தலைமடையான் தன் கடனைச் செய்யட்டும், பிறகு பார்ப்போம் என்று கடைமடையான் காத்திருப்பானாயின், கடைமடையான் முதலில் தரட்டும் என்று தலைமடையானும் காத்திருப்பான். இருவரும் காத்திருக்கையில் மண் கரைந்துகொண்டிருக்கும். கடன் இருபுறத்தும் உளதாகலின், எவன் முதலில் உணர்ந்தானோ அவனே முதலிற் செலுத்தத் தொடங்குவானாக.